பழைய கிதாரும் வீட்டுச் சுருதியும்

நம் சங்க அன்பர்கள் சிலர் கொஞ்ச நாளாக என்னிடம் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "பையன் காலேஜில் படித்தபோது வாங்கிய கிதார் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அவன் வெளிநாடு போய்விட்டான். அதைக் காயலான் கடையில் போடுவதா, வைத்துக்கொள்வதா?" என்கிறார் ஒருவர். பேத்திக்காகப் பழைய கிதார் ஒன்றை மலிவாக வாங்கலாமா என்கிறார் இன்னொருவர். தனித்தனியாகப் பதில் சொல்லி வந்தேன். "அதையே இதழுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஆசிரியர் சொன்னதால் இந்தக் கட்டுரை.

நான் இசைக் கலைஞன் அல்லன். வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பூர்வீகம் குடியாத்தம், வேலைக்காகச் சித்தூர் வந்து, பிறகு திருப்பதியிலேயே தங்கிவிட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பழைய கிதார்தான். ஆனால் அந்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

1989-ல் சித்தூரில் என்னோடு வேலை பார்த்த வங்காள நண்பர் ஒருவர் மாற்றலாகி ஊருக்குப் புறப்பட்டார். சாமான்களைக் குறைப்பதற்காகத் தன் கிதாரை 400 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கல்கத்தாவில் செய்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்களில் புழங்கிய கிதார்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவைதான். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் கிதார் என்றால் தனி மோகம். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) வந்த பிறகு, அந்தப் படத்துப் பாட்டு ஒன்றின் முன்னிசையை வாசித்துக் காட்டத் தெரிந்தவன்தான் ஹாஸ்டலில் ராஜா! நானும் இரண்டு மூன்று வருடம் பழகினேன். அப்புறம் கிளை மாற்றல்கள், குழந்தைகள், வீட்டுக் கடன். கிதார் பழைய போர்வை ஒன்றில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த மழையை இங்கே இருக்கும் யாரும் மறந்திருக்க முடியாது. 18, 19 தேதிகளில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. எங்கள் வீடு தரைத்தளம். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. வடிந்த பிறகு மொட்டை மாடியில் காயப் போட்ட சாமான்களோடு சாமானாகக் கிதாரும் கிடந்தது. குதிரை பெயர்ந்து, தந்திகள் துருப்பிடித்து, முதுகுப் பலகை ஓரம் வாய் பிளந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பாரேயண்டி சார்" என்றார். தூக்கிப் போடுங்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமாகத் தெலுங்கில் சொல்ல முடியாது.

நான் போடவில்லை. காரணம் சாதாரணம்தான்: ஒட்டு விட்டிருந்ததே தவிர மரம் உடையவில்லை. பழைய கிதாரை எடை போடும்போது முதலில் பார்க்க வேண்டிய விஷயம் இதுதான். ஒட்டு விட்டால் திரும்ப ஒட்டலாம். மரம் முறிந்தாலோ, கழுத்து வளைந்து நின்றுவிட்டாலோ செலவு கிதாரின் விலையைத் தாண்டிவிடும்.

சித்தூரில் ஆர்மோனியம், வீணை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் கிதாரின் பகுதிகளுக்கும் வீணைப் பெயர்களையே சொன்னார். தந்தி ஏறி உட்காரும் கட்டை குதிரை. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகள் மெட்டு. தந்தியை முறுக்குவது பிரடை. நானும் அப்படியே எழுதுகிறேன். நமக்கு ஏற்கெனவே சொல் இருக்கும்போது புதிதாகத் தேடுவானேன்?

அவர் செய்த சோதனைகளை அன்பர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முதலில், கிதாரைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் தூக்கி, கழுத்தின் ஓரத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்க்க வேண்டும். இரும்புத் தந்தி போட்ட கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து 60 முதல் 75 கிலோ விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பல வருடம் அப்படியே கிடந்தால் கழுத்து வில்லாகிவிடும். மெல்லிய வளைவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தந்தியை முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவே ஒரு கனமான காகிதம் நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். நல்ல கிதார்களில் கழுத்துக்குள் ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதன் திருகைத் திருப்பி வளைவைச் சரி செய்யலாம். என்னுடையதில் அது இல்லை. ஆனால் முப்பது வருடம் தந்திகள் தளர்ந்தே கிடந்ததால் கழுத்து தப்பித்தது.

இரண்டாவது, பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் விரல் சுகமாக ஓடும். நான்குக்கு மேல் போனால் பழகுகிறவர் விரல் நோகும். பிள்ளைகள் ஒரு வாரத்தில் கீழே வைத்துவிடுவார்கள். "எனக்குச் சங்கீத ஞானம் இல்லை" என்று கிதாரை விட்டவர்களில் பாதிப் பேருக்குக் குறை ஞானத்தில் அல்ல, தந்தியின் உயரத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். இதற்கு வைத்தியம் எளிது. குதிரையில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டையை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் பட்டையில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பது நல்லது. தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

மூன்றாவது, காதால் செய்யும் சோதனை. தந்தியைத் திறந்து மீட்டிய ஒலியும், பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டிய ஒலியும் கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமுமாகச் சேர வேண்டும். சேராமல் மேல் ஸ்தாயி பிசிறினால், தந்தி உயரமாக இருக்கலாம், பழசாகியிருக்கலாம், குதிரை இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கலாம். புதுத் தந்தி போட்டும் சேராத கிதாரை வாங்காதீர்கள்.

பெரியவர் குதிரையின் அடியில் இருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டி, இடுக்கி போட்டு ஒரு நாள் வைத்தார். தச்சர்கள் முன்பெல்லாம் வச்சிரம் காய்ச்சி ஒட்டுவார்கள். அது ஈரத்துக்கும் சூட்டுக்கும் விட்டுக்கொடுக்கும். திருப்பதி வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ மாடி அறையிலோ கிதாரை வைக்கக் கூடாது என்பதும் அதனால்தான். இன்னொரு எச்சரிக்கை: நைலான் தந்திக்கென்று செய்த கிதாரில் இரும்புத் தந்தி போடவே கூடாது. நைலானின் இழுவை ஏறத்தாழ இதில் பாதிதான். இரும்பைப் போட்டால் குதிரை கையோடு வந்துவிடும்.

இனி, கிதார் சரியான பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியம்.

என் தாயார் எண்பதைத் தாண்டியவர். சிறு வயதில் குடியாத்தத்தில் முறையாகப் பாட்டுக் கற்றவர். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் அவர் திருப்பாவை பாடுவதைக் கேட்டுத்தான் நாங்கள் கண் விழிப்போம். அப்பா காலமான பிறகு எங்களோடு திருப்பதிக்கு வந்துவிட்டார். இங்கே திருமலையிலும் மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான். தமிழ் கேட்காத ஊர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அம்மா பாடுவதில்லை. கைப்பேசியில் பெரிய வித்வான்களின் பதிவைப் போட்டு "கூடப் பாடும்மா" என்று பேத்தி கொடுப்பாள். இரண்டு அடி போவார், மேலே எட்டாது, "தொண்டை போயிடுச்சு, விடு" என்று நிறுத்திவிடுவார். தெலுங்கு சரியாக வராததால் அக்கம் பக்கத்தில் பேச்சும் குறைவு. பாட்டும் நின்ற பிறகு வீட்டில் அவர் குரலே கேட்காமல் போயிற்று.

தொண்டை போகவில்லை, சுருதிதான் இறங்கியிருந்தது. வயது ஏற ஏறப் பெண்களின் குரல்நாண்கள் தடித்து, குரல் கொஞ்சம் கீழே இறங்குவது இயற்கை. அம்மா இளமையில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர். பதிவுகளில் வருவது பாடினவர்களின் சுருதி. அதோடு மல்லுக்கட்டினால் யாருக்கும் தொண்டை போனதுபோல்தான் தோன்றும்.

'கட்டை' என்ற கணக்கை நம் பிள்ளைகள் பலர் கேட்டிருப்பார்களே தவிர விவரம் தெரியாது. ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு வந்த கணக்கு அது. மேல்நாட்டார் 'சி' என்று சொல்லும் வெள்ளைக் கட்டை ஒன்று; அடுத்த வெள்ளைக் கட்டைகள் 'டி' இரண்டு, 'ஈ' மூன்று, 'எஃப்' நான்கு, 'ஜி' ஐந்து, 'ஏ' ஆறு. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு இல்லை; அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் பாடுவதில்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள்ளும், பெண்கள் நாலரையிலிருந்து ஆறுக்குள்ளும் பாடுவார்கள்.

கிதாரின் ஆறு தந்திகளைத் தடித்த ஆறாவதிலிருந்து மெல்லிய முதலாவது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சேர்ப்பது வழக்கம். இதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். தடித்த ஆறாவது தந்தியை இரண்டு மெட்டு அளவு தளர்த்தி, நான்காம் தந்தியின் கீழ் ஸ்தாயியாக 'டி'யில் நிறுத்துங்கள். இப்போது ஆறாவது, ஐந்தாவது, நான்காவது தந்திகள் முறையே கீழ் ஸட்ஜம், கீழ் பஞ்சமம், ஸட்ஜம். தம்புராவில் பஞ்சமம், இரண்டு ஸட்ஜம், ஒரு கீழ் ஸட்ஜம் என்று மீட்டுகிறோம் அல்லவா? ஐந்தாவது தந்தியை ஒரு முறை, நான்காவதை இரண்டு முறை, ஆறாவதை ஒரு முறை என்று நிதானமாக மீட்டினால் அதுவே கிடைக்கும். இது இரண்டு கட்டை சுருதி, ஆண்களுக்கு ஏற்றது. தம்புராவின் ஜீவாவில் எழும் அந்த ரீங்காரம் இதில் வராது. ஆனாலும் பாடுவதற்குப் பிடிமானம் இருக்கும்.

மற்ற சுருதிகளுக்கு? 'கேப்போ' என்று ஒரு கவ்வி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கழுத்தில் ஒரு மெட்டின் மேல் அதைக் கவ்வ வைத்தால் எல்லாத் தந்திகளும் ஒன்றாக ஏறும். முதல் மெட்டில் வைத்தால் இரண்டரைக் கட்டை, இரண்டில் மூன்று, மூன்றில் நான்கு, நான்கில் நாலரை, ஐந்தில் ஐந்து, ஆறில் ஐந்தரை. நானும் பேத்தியும் ஐந்தரையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மெட்டாக இறக்கிக்கொண்டே வந்தோம். மூன்றாம் மெட்டில், அதாவது நான்கு கட்டையில், அம்மா "இங்கயே இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு மூன்று பாசுரம் பாடினார். நான் கழுத்தைப் பார்த்து மீட்டிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

சுருதிப் பெட்டி இருக்கிறதே, கைப்பேசியிலேயே வருகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுருதி மட்டும் போதும் என்றால் அதுவே மேல். தந்தி அறுந்து போகாது. ஆனால் பெட்டியை முடுக்கிவிட்டு எல்லோரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கிதாரை மீட்ட ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பேத்தி பாட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டே மீட்டுகிறாள். மூச்சு வாங்கினால் நிறுத்தி நிதானிக்கிறாள். வீட்டில் தெலுங்கும் ஆங்கிலமுமாகப் பேசும் பெண், எந்த இடத்தில் சொல் முடிகிறது என்று தெரிவதற்காகப் பாசுரத்தின் அர்த்தத்தைக் கேட்கத் தொடங்கினாள்.

மெட்டு வைத்த மேல்நாட்டுக் கருவியில் நம் சங்கீதம் வருமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். வயலின் மேல்நாட்டுக் கருவிதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி கற்றுக்கொண்ட பிறகு அது நம்முடையதாகிவிட்டது. பாலகொல்லுவில் பிறந்த யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மேண்டலினில் செய்ததை உலகமே கேட்டது. கிதாரிலேயே முழுக் கச்சேரி செய்பவர் பிரசன்னா; இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் ராணிப்பேட்டைக்காரர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனவர். நம் வட்டாரத்துக்கே இந்த இரண்டும் கலப்பது புதிதல்ல. 1919-ல் மதனப்பள்ளிக்கு வந்த தாகூர் 'ஜன கண மன' பாட்டை அங்கேதான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் மெட்டை மேல்நாட்டு இசைக் குறிப்பில் எழுத உதவியவர் மார்கரெட் கசின்ஸ் அம்மையார்.

மெட்டு என்பதே குறை என்றால் வீணைக்கும் 24 மெட்டு உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தானே வைணிகர்கள் கமகம் கொடுக்கிறார்கள்? கிதாரிலும் அப்படியே. மெல்லிய தந்தியாகப் போட்டால் விரலுக்குச் சிரமம் குறையும். வித்தியாசம் மெட்டுகளின் இடத்தில் இருக்கிறது. வீணையில் மெழுகின் மேல் காதால் கேட்டு மெட்டு வைக்கிறார்கள். கிதாரில் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். ஒவ்வொரு மெட்டும் மிச்சமுள்ள நீளத்தில் ஏறக்குறைய 18-ல் ஒரு பங்கு தள்ளி வரும். பன்னிரண்டாவதில் சரியாகப் பாதி. எல்லாச் சுருதிக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த சமரசம் இது. நம் காதுக்கு இயல்பான அந்தர காந்தாரம் ஸட்ஜத்தைப் போல் 1.25 மடங்கு, கிதார் மெட்டு தருவது சுமார் 1.26. ஒரு அரைச் சுரத்தை ஏழாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கூடுதல். காந்தாரத்தில் நின்று பாடும் ராகங்களில் அது உறுத்தும்.

ஆகவே எந்த ராகத்தில் தொடங்குவது என்று கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். மூன்றாவது பாசுரம் ஆரபி. கிதாருக்கென்றே வைத்ததுபோல் அமைந்திருக்கிறது! கேப்போ எந்த மெட்டில் இருந்தாலும் அதையே தொடக்கமாகக் கொண்டு எண்ணுங்கள். நான்காம் தந்தி திறந்தது ஸட்ஜம். அதிலேயே இரண்டாம் மெட்டு ரிஷபம். மூன்றாம் தந்தி திறந்தது மத்தியமம். அதில் இரண்டாம் மெட்டு பஞ்சமம். இரண்டாம் தந்தி திறந்தது தைவதம். அதில் மூன்றாம் மெட்டு மேல் ஸட்ஜம். ஏறுவது அவ்வளவுதான். இறங்கும்போது இரண்டாம் தந்தியின் இரண்டாம் மெட்டில் நிஷாதமும், நான்காம் தந்தியின் நான்காம் மெட்டில் காந்தாரமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆரபியில் இந்த இரண்டு சுரங்களிலும் நிற்பதில்லை, லேசாகத் தொட்டுவிட்டுப் போவோம்; அதனால் மெட்டின் அந்தச் சின்னப் பிசகு காதில் படாது. பேத்தி இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஒருவர் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். இப்போது சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து அன்னமாச்சாரியார் (1408–1503) கீர்த்தனைகளைப் பாடுகிறார். அவருக்கு ஐந்து கட்டை. கேப்போ இரண்டு மெட்டு மேலே ஏறும். அம்மாவின் முறை வரும்போது இறங்கும். திருமலையில் செப்பேடுகளாகக் கிடைத்த அந்தக் கீர்த்தனைகளில் ஒன்றை அம்மா தமிழ் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடம் பண்ணுகிறார். அந்த அம்மாளோ திருப்பாவையைத் தெலுங்கு எழுத்தில் வைத்திருக்கிறார். இருவரும் மற்றவர் உச்சரிப்பைத் திருத்துவதில் காட்டும் கண்டிப்பைப் பார்க்க வேண்டுமே!

எல்லாப் பாசுரமும் கிதாரில் அடங்கிவிடாது. இரண்டாவது பாசுரம் கௌளை. அதன் ரிஷபம் மிகத் தாழ்ந்து ஒலிக்க வேண்டியது. கிதாரின் முதல் மெட்டு அதைவிட மேலே நிற்கிறது. தந்தியை இழுத்தால் சுரம் ஏறுமே தவிர இறங்காது. நான்காவது பாசுரம் வராளி. இதன் மத்தியமம் மெட்டைவிட மேலே, பஞ்சமத்தை ஒட்டி நிற்கும். இழுத்துப் பிடிக்கலாம், ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும். வராளியைக் குரு சீடனுக்கு நேராகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றொரு பழைய வழக்கும் உண்டு. சொல்லிக் கொடுத்தால் இருவருக்கும் மனத்தாங்கல் வருமாம். அம்மா அதை நம்புகிறவர். ஆகையால் இந்த இரண்டு பாசுரங்களுக்கும் நாங்கள் மூன்று தந்திச் சுருதியை மட்டும் மீட்டுகிறோம். அம்மா பாட்டுக்குப் பாடுகிறார். பேத்தி சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.